கடலைப் பற்றிக் கதைக்கக் கூடாது

கப்பல் ஏறுவதற்கு முதலே அம்மா அப்பாவுக்குக் கட்டளை போட்டுவிட்டா. திரும்பி ஸ்காபரோ வந்து சேரும்வரை கடலைப் பற்றி ஒரு சொல் கதைக்கக் கூடாது. காற்று எந்தப் பக்கம், நீரோட்டம் எந்தப் பக்கம், மேகம் ஏன் அப்படிக் கிடக்கிறது, ஒன்றும் வேண்டாம். யாராவது கேட்டால் ஊரில் கடை வைத்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். என்ன கடை என்று கேட்டால் பலசரக்கு.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்ப என்னத்தைக் கதைக்கிறது?" என்று கேட்டார்.

"ஒண்டும் கதைக்க வேண்டாம். சிரியுங்கோ. அது காணும்."

பாதி ஆயுளைக் கடலில் கழித்த மனிசனைக் கப்பலில் ஏற்றி, கடலைப் பற்றிக் கதைக்காதே என்று சொல்வது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை. அவவுக்கு அது என் கல்யாணக் காரியம்.

நான் விரும்பிய பெண் யூனியன்வில்லில் இருந்தாள். பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்தோம். அவள் மருந்தாளர் ஆனாள், நான் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா இரண்டாம் வகுப்போடு வள்ளத்தில் ஏறியவர். அம்மா அந்த வாசலையே மிதிக்கவில்லை. கனடா வந்த நாள் தொடக்கம் அப்பா பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுகிறார்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில், கடலில் இறங்குகிறவர்களுக்கும் கரையில் நின்று மீன் வாங்குகிறவர்களுக்கும் நடுவில் ஒரு கோடு இருந்தது. மீன் அந்தக் கோட்டைத் தாண்டும். ஆட்கள் தாண்ட ஏலாது. நாங்கள் இறங்குகிற ஆட்கள். அவர்கள் வாங்குகிற ஆட்கள். ரொறன்ரோவில் அதை ஒருவரும் வாய் திறந்து கேட்பதில்லை. "ஊரிலை எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்பார்கள். பக்கம் தெரிந்தால் மிச்சம் எல்லாம் தெரிந்துவிடும்.

அவளிடம் நான் ஒன்றையும் மறைக்கவில்லை. பழகத் தொடங்கிய புதிதிலேயே, பல்கலைக்கழகத்துக் கோப்பிக் கடையில் வைத்து, நாங்கள் இன்ன ஆட்கள் என்று சொல்லிவிட்டேன். அவள் அதைப் பெரிய விஷயமாகவே எடுக்கவில்லை. இந்தக் காலத்தில் யார் உதெல்லாம் பார்க்கிறது என்று கேட்டாள். பிறகு கோப்பி ஆறும்வரை யோசித்துவிட்டு, "அப்பாட்டை மட்டும் இப்ப சொல்ல வேண்டாம், ப்ளீஸ். கல்யாணம் முடிய நானே சொல்லுறன்," என்றாள். நான் அதை வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அந்தச் சொல்லைத் தேவாரம் போலப் பிடித்துக்கொண்டா. எங்கள் கரையூரின் பெயர் போய், உள்ளே தள்ளியிருக்கிற சந்தையடியின் பெயர் எங்கள் ஊராயிற்று. அப்பாவுக்கு ஒரு கடை முளைத்தது.

கப்பல் பயணம் அவளுடைய அப்பாவின் யோசனை. அவருக்கும் மனிசிக்கும் கல்யாண நாள் வருகிறதாம், எப்படியும் கப்பலில் போகப் போகிறார்களாம், நீங்களும் வாருங்கோவன், இரண்டு குடும்பமும் பழகிப் பார்த்த மாதிரி இருக்கும் என்று கூப்பிட்டார். கொஞ்ச வருஷமாக இது ரொறன்ரோவில் ஒரு வழக்கமாகி வருகிறது. முந்தி வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இப்போது கப்பலில் ஏற்றுகிறார்கள். எழும்பிப் போக ஏலாத இடத்தில் ஒரு கிழமை வைத்துப் பார்த்தால் மனிசரின் குணம் தெரிந்துவிடும் என்று ஒரு எண்ணம். "இறங்கேக்கை ஒரு முடிவோடை இறங்குவம்," என்று அவர் ரெலிஃபோனில் சொன்னபோது அம்மா பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தா.

மொன்றியலில், ஆற்றுத் துறையில் கப்பல் ஏறினோம். ஆறு அமைதியாக இருந்தது. எங்களுக்கு ஒரே மேசை ஒதுக்கியிருந்தார்கள். மூன்று வேளையும் அதே கதிரைகள், அதே முகங்கள். அவளுடைய அப்பாவை நான் அங்கிள் என்றும் அம்மாவை அன்றி என்றும் கூப்பிடுவேன். அங்கிள் இன்சூரன்ஸ் அலுவலகம் வைத்திருந்தவர். குரலை உயர்த்த மாட்டார். என் அப்பாவை வாய்க்கு வாய் "அண்ணை" என்பார். அப்பாவும் அவரை அண்ணை என்பார். இரண்டு அண்ணைமாரும் ஒருவருக்கொருவர் பாண் கூடையை நகர்த்திக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் அங்கிள் அப்பாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அப்பாவின் விரல்களில், மடிப்புகளுக்குக் குறுக்காக, தூண்டல் கயிறு அறுத்த தழும்புகள் உண்டு.

"என்ன அண்ணை இது, கை முழுக்க?"

அம்மா முந்திக்கொண்டா. வேர்ஹவுஸில் பெட்டி கட்டுகிற பட்டி வெட்டியது என்று சொன்னா. அப்பா சிரித்தார். அங்கிள் அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "பிறம்ரன் பெட்டியள் பொல்லாதது போலை," என்று சொல்லிக் கையைத் திருப்பி மேசையில் வைத்தார். அதைக் கேட்டு அன்றி சிரித்தா. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஆறு முடிந்து வளைகுடாவுக்குள் போனதும் கப்பல் ஆடத் தொடங்கியது. அவர்கள் வீட்டார் மூன்று பேரும் படுத்துவிட்டார்கள். கப்பல்காரர்கள் பச்சை அப்பிளும் உப்பு பிஸ்கற்றும் வாசல் வாசலாகக் கொண்டு திரிந்தார்கள். எனக்கும் தலை சுற்றியது, அம்மாவும் சுவரைப் பிடித்துத்தான் நடந்தா. அப்பா மட்டும் தாழ்வாரத்தில் எங்கள் வீட்டடிப் பிளாசாக் கடைகளின் நடைபாதையில் போவதுபோலப் போய், காலைச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு, பல்லுக் குத்திக்கொண்டு வந்தார். அம்மா அவரை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினா.

"இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள்? பலசரக்குக் கடைக்காரனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமே? படுங்கோ."

எங்கள் அறைக்குச் சன்னல் இல்லை. அப்பா அந்த இருட்டுக்குள் சுகமான உடம்போடு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தார். அம்மா அன்றியின் அறைக்குப் போய், இவரும் தலை தூக்கவில்லை, ஒரு வாய் தண்ணி இறங்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தா. வரும்போது அப்பாவுக்கு ஒரு பாண் துண்டை ரிசுப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தா. அவர் போர்வைக்குள் இருந்தே தின்றார். பிறகு என்னைப் பார்த்து, மெல்ல, "வருத்தக்காரன் இப்பிடித்தானே முனகிறது?" என்று கேட்டு முனகிக் காட்டினார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அந்தப் பயணத்தில் அவர் தானாகச் சிரித்தது அதுதான்.

அதற்கு அடுத்த நாள்தான் இறங்கினோம். நியூஃபவுண்ட்லாந்தின் வடக்கு மூலையில் ஒரு மீன்பிடித் துறை. கப்பல் உள்ளே போக ஆழம் காணாது என்று வெளியே நங்கூரம் போட்டார்கள். சின்னப் படகுகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கல், கல்லுக்கு மேல் புல், புல்லுக்கு மேல் பெட்டி பெட்டியாகச் சிவப்பும் வெள்ளையுமாக வீடுகள். நண்டு பிடிக்கிற கூடுகளை வீட்டு உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். டீசலும் மீனும் கலந்த மணம். வேதக் கோயில் மண்டபத்தில் பயணிகளுக்குத் தேத்தண்ணியும் ஜாம் பூசிய பாணும் கொடுக்கிறார்கள் என்று ஒரு பலகை. அந்த ஊரின் சனம் முழுக்க எங்கள் கப்பலின் ஒரு மாடியை நிரப்பக் காணாது.

துறையில் கால் வைத்ததும் அப்பா இரண்டு கைகளையும் ஜக்கெற் பொக்கற்றுக்குள் விட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு கன நேரத்துக்கு எடுக்கவேயில்லை.

கொஞ்சம் தள்ளி, மரச் சட்டங்களின் மேல் மீனை உப்புப் போட்டு விரித்துக் காயவைத்திருந்தார்கள். கருவாடு. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேலே, வாழையிலை விரித்ததுபோல. அன்றி சால்வையை எடுத்து மூக்கைப் பொத்தினா. கப்பல் ஏறிய அன்றே சாப்பாட்டு மேசையில் சிங்க இறாலின் காலை உடைத்து உறிஞ்சி, ஓட்டை என் அம்மாவின் கோப்பைக்குள் போட்டவ. "எனக்கு உந்த மணமே ஒத்துக்கொள்ளாது. ஊரிலையும் அந்தப் பக்கம் போனா ரெண்டு தரம் தலையோடை தோயோணும்," என்றா. அம்மா தன் கைலேஞ்சியைத் தேடி எடுத்துத் தன் மூக்கையும் பொத்தினா. அப்பாவுக்குக் கண்ணைக் காட்டினா. அப்பா பொக்கற்றுக்குள் இருந்து ஒரு கையையும் எடுக்காமலே தோளை உயர்த்தி, ஜக்கெற் கழுத்துக்குள் மூக்கை மறைத்துக்கொண்டார்.

அங்கிள் துறையின் விளிம்பில் நின்று எங்களுக்கு ஒரு பிரசங்கம் வைத்தார். எங்கள் சனம் ஒரு காலத்தில் அகதிகளாக உயிர்காப்புப் படகுகளில் வந்து தத்தளித்தது இதே தீவின் தெற்குப் பக்கக் கடலில்தான் என்றும், அவர்களைத் தூக்கி எடுத்தது பொலிசும் இல்லை, நேவியும் இல்லை, சாதாரண மீன்பிடிகாரர்தான் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. "மீன்பிடிகாரன் எண்டா சும்மா ஆள் இல்லை அண்ணை. தெய்வம்," என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அப்பா தலையாட்டினார்.

அப்போது ஒரு வள்ளம் துறைக்கு வந்தது. அதில் நின்றவர் தனி ஆள். கரையில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமலே கயிற்றை எறிந்தார். கரையில் நிற்பவர் பிடித்துக் கட்டுவார் என்பது அவர்கள் பழக்கம். எங்கள் பக்கத்திலும் அதுதான் என்று அப்பா முந்தி ஒரு தரம் சொல்லியிருக்கிறார். கயிறு வந்து அப்பாவின் சப்பாத்தின் மேல் விழுந்தது. அவருடைய வலது முழங்கை ஜக்கெற்றுக்குள் ஒருக்காத் துடித்ததை நான் கண்டேன். கை வெளியே வரவில்லை. கயிறு வழுகி விளிம்பால் தண்ணிக்குள் போயிற்று. வள்ளம் காற்றுக்குத் திரும்பி, துறையைத் தாங்கும் மரத்தூணில் மோதியது. அந்த மனிசன் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பார்த்துவிட்டு, தானே பாய்ந்து ஏறித் தானே கட்டினார்.

"ஐயோ, அண்ணைக்கு உதெங்கை தெரியப்போகுது, பாவம்," என்றார் அங்கிள்.

அங்கே பலகையால் கட்டிய ஒரு கொட்டில். உள்ளே ரப்பர் ஏப்ரன் கட்டிய ஒரு பெண் பெரிய மேசையில் நின்று கொட் மீன் பிளந்துகொண்டிருந்தா. நடுத்தர வயது இருக்கும். கப்பலில் வந்தவர்கள் பார்க்கட்டும் என்றுதான் அன்றைக்குக் கொட்டிலைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று விளங்கியது. தலையை எடுத்து, வயிற்றைத் திறந்து, முள்ளைக் கழற்றி, மீனைத் தட்டையாக விரித்து உப்புப் பெட்டிக்குள் எறிவா. சனம் படம் எடுத்தது. யாராவது செய்து பார்க்கப் போகிறீர்களா என்று அவ கேட்டா. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் செய்து பார்த்து, மீனைக் கந்தலாக்கி, எல்லாருடைய கைதட்டலையும் வாங்கிக்கொண்டு போனார்.

அங்கிள் அப்பாவின் தோளில் கை போட்டார்.

"அண்ணை, நீங்கள் ஒருக்கா வெட்டுங்கோவன்."

அப்பா சிரித்தார். வேண்டாம் என்று தலையாட்டினார்.

"வெக்கப்படாதையுங்கோ. பிள்ளையளும் பாக்கட்டும். ஒரு ஞாபகத்துக்கு. நான் படம் எடுக்கிறன்." அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில், இவர்தான் அடுத்த ஆள் என்று சொன்னார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் ஒன்றும் இல்லை. ஓம் என்றால் என்ன, மாட்டேன் என்றால் என்ன, எது பிழை என்று அவவுக்கே தெரியவில்லை. அப்பா கையை வெளியே எடுத்தார்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் குசினித் தொட்டியடியில் நின்று அப்பா மீன் வெட்டுவார். பிளாசாவில் மீன் கடைக்காரப் பெடியன் வெட்டித் தரட்டோ என்று கேட்டால் மீனைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு வருவார். மற்றவன் வெட்டினால் மீன் நோகும் என்பார். அவர் வெட்டும்போது அலகு முள்ளில் போகிற சத்தம் மட்டும் கேட்கும். கையில் இரத்தம்கூடப் படாது. நான் சின்ன வயதில் இருந்து பார்த்து வருகிற கை அது.

அன்றைக்கு அந்தக் கை கத்தியை அகப்பை பிடிப்பதுபோலப் பிடித்தது. மற்றக் கையின் பெருவிரல் அலகுக்கு நேரே முன்னால், ஒருவரும் வைக்காத இடத்தில் போய் நின்றது. மீன் வெட்டவே தெரியாத ஒருவன் எப்படிச் செய்வானோ, அதை யோசித்து யோசித்துச் செய்துகொண்டிருந்தார். மீன் வழுகியது. சனம் சிரித்தது. அவரும் சிரித்தார். அந்தப் பெண் கையுறை போடும்படி சொல்லிக்கொண்டு ஒன்றை நீட்டினா. அவர் வாங்கவில்லை. இன்னொரு தரம் அமத்தினார். கத்தி முள்ளில் பட்டுச் சறுக்கி, பெருவிரலின் அடியில் இறங்கியது.

மீனின் வெள்ளைச் சதையில் இரத்தம் ஓடியது. அம்மா "ஐயோ" என்றா. அந்தப் பெண் மட்டும் பதறவில்லை; கத்தியை வாங்கி ஒரு பக்கம் வைத்தா, காயத்துக்கு மேல் பேப்பர்த் துவாயை மடித்து அமத்தி, அதைச் சுற்றி வயர் ஒட்டுகிற கறுத்த ரேப்பை இறுக்கிச் சுற்றினா. பிறகு அப்பாவின் மற்ற விரல்களைப் பார்த்தா. தழும்புகளைப் பார்த்தா. அப்பாவின் முகத்தைப் பார்த்தா. பிறகு மேசையைத் தண்ணி ஊற்றிக் கழுவினா.

நாங்கள் கொட்டிலுக்கு வெளியே வந்தோம். அங்கிள் போனில் எடுத்த படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"காணும் அண்ணை, விடுங்கோ. எங்களுக்குத் தெரியும்."

அப்பா என்ன என்று கேட்கவில்லை. அம்மா, "என்ன தெரியும்?" என்று கேட்டா.

"எல்லாம் தெரியும் அக்கா. விசாரியாமல் ஆரும் பிள்ளையைக் குடுப்பினமே? கப்பலுக்கு புக் பண்ண முதலே தெரியும். பாரிஸிலை ஒருத்தர் இருக்கிறார். சண்டைக்குள்ளை இந்தியாவுக்கு அண்ணையின்ரை வள்ளத்திலைதான் போனவராம், பிள்ளை குட்டியளோடை. அண்ணையைப் பற்றிக் கேட்டன். நல்லாத்தான் சொன்னார். அருமையான ஓட்டி, இரவு லைற் இல்லாமல் கொண்டுபோய் இறக்கினவர், அவர் இல்லாட்டி நாங்கள் இல்லை எண்டார்."

அதைச் சொல்லும்போதும் அவர் குரல் உயரவில்லை. ஒரு நல்ல செய்தி சொல்வதுபோலவே சொன்னார். தெரிந்துகொண்டுதான் கையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். தெரிந்துகொண்டுதான் அன்றி இரண்டு தரம் தோய்ந்த கதையைச் சொல்லியிருக்கிறா. அப்பா தலை தூக்கவில்லை என்று அம்மா அவர்கள் அறையில் போய்ச் சொன்னபோது, அந்தக் கதவு சாத்தியபின் உள்ளே எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று நான் நினைத்துப் பார்த்தேன்.

"தெரிஞ்சுகொண்டு ஏன் அவரைக் கத்தி பிடிக்கச் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லுவார் எண்டு பாத்தன் தம்பி. கையை வெட்டினாலும் வெட்டுவன், உண்மையைச் சொல்லன் எண்டு நிக்கிறாரே. நான் என்ன செய்ய?" பிறகு அப்பாவைப் பார்த்து, "நாங்கள் சாதி பாக்கிற ஆக்கள் இல்லை அண்ணை. இது கனடா. ஆனா பொய்யிலை தொடங்கிற சம்பந்தம் சரிவராது. பிள்ளையின்ரை வாழ்க்கை பாருங்கோ," என்றார்.

அம்மா கைலேஞ்சியை மூக்கில் இருந்து எடுத்தா. அவ்வளவு நேரமும் அதைப் பொத்திக்கொண்டுதான் நின்றிருக்கிறா.

"உண்மையைச் சொல்லியிருந்தா எங்களைக் கப்பலிலை ஏத்தியிருப்பியளோ?"

"அதை இப்ப என்னெண்டு சொல்லுறது அக்கா? நீங்கள்தான் சொல்லேல்லையே."

இன்றைக்கும் அதை யோசித்துப் பார்க்கிறேன். ஸ்காபரோவிலும் யூனியன்வில்லிலும் நாளைக்கு யாராவது கேட்டால், சாதிக்காகச் சம்பந்தத்தைக் குழப்பினோம் என்று அவர்கள் வாய் திறக்க ஏலாது. கேட்கிறவர்கள் காறித் துப்புவார்கள். பொய்க்காரர் என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்தக் காரணத்தை நாங்கள்தான் சமைத்து, பொரித்து, தட்டில் வைத்துக் கொடுத்திருந்தோம். அவர் அது வேகும்வரை பார்த்துக்கொண்டு இருந்தார், அவ்வளவுதான்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் கருவாட்டுச் சட்டத்தில் வந்து குந்திய கடற்புறாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பிப் போகிற படகுக்கு வரிசையில் நின்றபோது அவள் என் பக்கத்துக்கு வந்தாள். காற்று எழும்பியிருந்தது. அப்பாக்குக் கொஞ்சம் டைம் குடுங்கோ, ரொறன்ரோவுக்குப் போனபிறகு நான் கதைக்கிறேன் என்றாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மறைக்கச் சொன்னது தான்தான் என்று இப்போது, இந்த வரிசையில் வைத்தே, தன் அப்பாவிடம் சொல்லுவாளா என்று.

அவள் வரிசையில் முன்னால் நின்ற தன் அப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"இப்ப சொன்னா அவர் என்னையும் பொய்க்காரி எண்டுவார்."

"அப்ப நாங்கள் ஆர்?"

"ப்ளீஸ். என்னை இதுக்குள்ளை இழுக்காதையுங்கோ," என்று சொல்லிவிட்டு, தன் அம்மாவுக்குச் சால்வையைச் சரிசெய்துவிடப் போய்விட்டாள்.

வரிசை நகர்ந்தது. அங்கிள் இதற்குள் பழையபடி ஆகியிருந்தார். துறைமுகத்தின் பெயர் தைத்த ஒரு தொப்பியை வாங்கித் தலையில் போட்டிருந்தார். அப்பாவின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். கப்பலில் டொக்ரர் இருக்கிறார், கட்டாயம் காட்டுங்கோ என்றார். இரவுக்கும், அடுத்த நாளுக்கும், இன்னும் இருந்த எல்லா நாட்களுக்கும் ஒரே மேசைதான் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

படகில் கால் வைக்க முதல் அப்பா ஒருக்கா நிமிர்ந்து, துறைமுக வாய்க்கு வெளியே பார்த்தார். அந்தப் பயணத்தில் அவர் கடலைக் கடலாகப் பார்த்தது அப்போதுதான். பிறகு அம்மாவின் முழங்கையைப் பிடித்து, முன்னால் வெறுமையாகக் கிடந்த இருக்கைகளை எல்லாம் விட்டுவிட்டு, பின்னால் இயந்திரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினார். டீசல் மணக்கிறது, காது அடைக்கிறது என்று அம்மா சொன்னா. "இதிலை இரு," என்றார். அவர்கள் மூன்று பேரும் முன்னுக்குப் போனார்கள். அங்கே பெரிய கண்ணாடி இருந்தது, படம் எடுக்க வசதி. அப்பா அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கூப்பிடவில்லை.

துறைமுக வாயைத் தாண்டியதும் படகு எழும்பி எழும்பி விழத் தொடங்கியது. முன்பக்கம் ஆள் உயரத்துக்கு ஏறி, அடிவயிறு கழன்றதுபோல இறங்கும். பின்னால் நாங்கள் இருந்த இடத்தில் அது பாதியும் இல்லை. அன்றிதான் முதலில் குனிந்தா. படகுக்காரப் பெடியன் கடதாசிப் பைகளை நீட்டிக்கொண்டு போனான். கொஞ்ச நேரத்தில் அங்கிள் இருக்கைகளின் முதுகுகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னுக்கு வந்து, எங்களுக்கு எதிரே தொப்பென்று இருந்தார். முகம் சாம்பல் நிறம். தொப்பி இல்லை.

"அண்ணை, ஏலாமல் கிடக்கு." மூச்சை இழுத்தார். "எங்கை பாக்கிறது? என்ன செய்யிறது? நீங்கள் சனத்தை ஏத்தி இறக்கின ஓட்டி எல்லே. ஒரு வழி சொல்லுங்கோ."

அப்பா அவரை ஆறுதலாகப் பார்த்தார். பிறகு அம்மா சொல்லிக் கொடுத்த மாதிரியே சிரித்தார்.

"நான் கடை வைச்சிருந்தனான் அண்ணை," என்றார். "பலசரக்குக் கடை. எனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்."

அங்கிளுக்குப் பை எட்டவில்லை. தன் மடியிலும் சப்பாத்திலுமாகச் சத்தி எடுத்தார். அப்பா தன் இரண்டு கால்களையும் கொஞ்சம் தூக்கி, அது ஓடிப் போக இடம் விட்டார். அம்மா முகத்தைத் திருப்பவில்லை. மூக்கைப் பொத்தவும் இல்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தா.

முன்னால் அவள் தனியாகக் குனிந்துகொண்டிருந்தாள். தலைமயிர் அவிழ்ந்து வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. பிடித்துவிட ஒருவரும் இல்லை. ஒரு கையால் மயிரை ஒதுக்கிக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எத்தனையோ பரீட்சைக்கு முதல் நாள் அந்தப் பார்வைக்கு நான் எழும்பிப் போயிருக்கிறேன். நான் எழும்பப் பார்த்தேன்.

கறுத்த ரேப் சுற்றிய கை என் தொடையில் வந்து அமத்தியது. அவருக்கு நொந்திருக்க வேண்டும். ரேப்பின் ஓரத்தால் இரத்தம் கசிந்து என் காற்சட்டையில் ஊறியது. அவர் கையை எடுக்கவில்லை. அம்மாவுக்குக்கூடக் கேட்காமல், என் காதுக்கு மட்டும் சொன்னார்.

"படகு எழும்பேக்கை ஆள் எழும்பப்படாது. இரு."

அந்தப் பயணம் முழுவதிலும் அவர் கடலைப் பற்றிச் சொன்னது அது ஒன்றுதான்.

நான் இருந்தேன்.